காஸே மாதி ஜாபாத்தே: கேலா கிராமத்துப் பாடகரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஸே மாதி ஜாபாத்தே யார்?

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், கேலா என்ற கிராமத்தில் 1949ஆம் ஆண்டு பிறந்த பாடகர். பிறப்பால் ஜெலி. பாடுவது, குலவரலாறு சொல்வது, பகைத்துக்கொண்ட இரு வீட்டாருக்கு நடுவே நின்று பேசுவது ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்டவர்கள் ஜெலிகள். பிரெஞ்சுக்காரர்கள் இவர்களைக் கிரியோ என்று அழைத்தார்கள். வெளியுலகம் அந்தப் பெயரில்தான் இவர்களை அறிந்திருக்கிறது. காஸே மாதி 2018 மே 24 அன்று தலைநகர் பமாக்கோவில் காலமானார்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் மேடையில் பாடினார். அந்தக் காலத்தில் அவருக்குப் படியளந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். முதலில் ஊர், பிறகு அரசாங்கம், அதன்பின் பாரிஸ் நகரத்து இசைத்தட்டுத் தொழில், கடைசியில் பல நாடுகளில் டிக்கெட் வாங்கிக் கேட்க வந்த மக்கள். பாடும் கடமை மட்டும் கேலாவில் கற்ற அதே கடமையாகவே இருந்தது. அவரைப் பற்றிய எந்தக் கேள்வியை எடுத்தாலும் என் மனம் இங்கேதான் வந்து நிற்கிறது.

இவர் மாண்டிங்காவா, மனிங்காவா?

மனிங்கா இனத்தவர். ஆனால் இரண்டு இனங்களும் ஒரே வேரில் கிளைத்தவை. 13ஆம் நூற்றாண்டில் சுஞ்சாத்தா கெய்த்தா நிறுவிய மாலிப் பேரரசின் தாயகம் நைஜர் ஆற்றின் மேற்பகுதி. அங்கேயே தங்கியவர்களின் வழிவந்தவர்கள் மனிங்கா. மேற்கே காம்பியா, செனகலின் காஸமான்ஸ், கினி-பிஸ்ஸாவ் பக்கம் பரவியவர்கள் மாண்டிங்கா. சுஞ்சாத்தாவின் தளபதி திராமாகான் திராவோரே படையோடு மேற்கே போனதிலிருந்து இந்தப் பரவல் தொடங்கியதாக வாய்மொழி வரலாறு சொல்கிறது. மொழிகள் நெருங்கியவை, சுஞ்சாத்தாவின் கதையைச் சொல்லும் காவியம் பொது, குலப்பெயர்களும் பொது. மாலியில் ஜாபாத்தே என்று வழங்கும் பெயர் காம்பியாவில் ஜோபார்த்தே ஆகிறது.

பாடத் தெரிந்த எவரும் ஜெலி ஆகலாமா?

ஆக முடியாது. மாண்டே என்பது இந்த இனங்களுக்கும் அவற்றின் தாயகத்துக்கும் பொதுவாக வழங்கும் பெயர். மாண்டே சமூகத்தில் கொல்லர், தோல் தொழிலாளர், ஜெலி ஆகியோர் தத்தம் கைத்தொழிலையும் அதற்குரிய மறைபொருள் அறிவையும் பிறப்புவழியில் பெறுபவர்கள். இவர்களைச் சேர்த்து ஞாமகாலா என்பார்கள். உழவும் ஆட்சியும் உரிய மேற்குடியினர் ஹோரோன். ஹோரோன் பாடுவது குடும்பத்துக்கே இழுக்கு என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது.

இதன் கடுமையைப் புரிந்துகொள்ள சாலிஃப் கெய்த்தாவைப் பார்க்கலாம். உலகப் புகழ்பெற்ற இந்தப் பாடகரும் 1949இல்தான் பிறந்தார். அவருடைய ஊரான ஜோலிபாவும் நைஜர்க் கரையில், பமாக்கோவுக்கும் கேலாவை அடுத்த காங்காபாவுக்கும் இடையில் இருக்கிறது. ஆனால் அவர் சுஞ்சாத்தாவின் அரச குலத்தவர். அவர் பாடகரானதை வீட்டார் ஏற்கவில்லை. அதே ஆண்டில், அதே ஆற்றங்கரையில் பிறந்த காஸே மாதியிடமோ, வாய் திறந்து பாடும் நாளுக்காகக் குடும்பமே காத்திருந்தது. ஒருவருக்குக் கலகமாக இருந்த செயல் மற்றவருக்குக் கடமையாக இருந்தது.

ஜாபாத்தே குலம் ஜெலியானது எப்படி?

சுஞ்சாத்தா காவியத்தில் இதற்கு ஒரு கதை உண்டு. தோ என்ற நாட்டை ஒரு காட்டெருமை அழித்துவந்தது. உண்மையில் அது தன் உறவினர்களால் வஞ்சிக்கப்பட்டு உருமாறிய ஒரு பெண். திராவோரே குலத்தைச் சேர்ந்த இரண்டு வேட்டைக்காரச் சகோதரர்கள் அதைக் கொன்றார்கள். பரிசாக சோகோலோன் என்ற பெண்ணைப் பெற்று, அவளை மாண்டே அரசனிடம் கொண்டு சேர்த்தார்கள். அவள் வயிற்றில் பிறந்தவனே சுஞ்சாத்தா. எருமை வீழ்ந்தபோது சகோதரர்களில் ஒருவன் மற்றவனின் வீரத்தைப் பாடினான். பாடியவனின் வழியினர் ஜாபாத்தேக்கள். பாடப்பட்டவனின் வழியினர் திராவோரேக்களாகவே நீடித்தார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது, புகழ்ந்தவனும் புகழப்பட்டவனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது. ஜெலியைக் கீழாக நினைப்பவர்களுக்குக் காவியமே பதில் வைத்திருக்கிறது.

கேலாவுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

பமாக்கோவிலிருந்து தென்மேற்கே, கினி எல்லைப் பக்கம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் போனால் காங்காபா. சுஞ்சாத்தாவின் வழிவந்ததாகச் சொல்லும் கெய்த்தாக்களின் ஊர் அது. அதற்குப் பக்கத்திலேயே கேலா. அங்கே வாழும் ஜாபாத்தேக்கள் அந்தக் கெய்த்தாக்களின் ஜெலிகள். அரச குலம் ஓர் ஊரில், அதன் நினைவு அடுத்த ஊரில்.

காங்காபாவில் காமாப்ளோன் என்ற புனித வட்டக்குடிசை இருக்கிறது. 1653இல் முதன்முதலாகக் கட்டப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் பழைய புற்கூரையை இறக்கிவிட்டுப் புதியது வேய்கிறார்கள். இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள் பெரியவர்களின் கண்காணிப்பில் அந்த வேலையைச் செய்கிறார்கள். அந்தச் சடங்கின்போது கேலாவின் ஜெலிகள் குடிசைக்குள் அமர்ந்து இரவு முழுவதும் மாண்டேயின் வரலாற்றைச் சொல்கிறார்கள். வெளியே கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே யாரும் போக முடியாது, ஒலிப்பதிவுக்கும் இடமில்லை. சொற்கள் பிசகக்கூடாது என்பதற்காக முன்கூட்டியே ஒத்திகையும் நடக்கும். சொல்லும் பொறுப்பு கூமாதிகி எனப்படும் மூத்தவரிடம் இருக்கிறது. 2009இல் இந்தக் கூரை மாற்றும் சடங்கை யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

மாலியின் எந்த மூலையிலும் ஒரு ஜெலி தன் கதையின் வடிவத்தைப் பற்றி வாதாடும்போது கேலாவின் பெயர் வந்து விழும். பாட்டு, பேச்சு, வம்சாவளி மூன்றிலும் அந்த ஊருக்கு அப்படிப்பட்ட கண்டிப்பு. தெரிந்ததையெல்லாம் சபையில் கொட்டிவிடாமல், எதை எங்கே சொல்லலாம், எதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவதும் அங்கே கல்வியின் ஒரு பகுதி. காஸே மாதியின் பாட்டில் இருக்கும் நிதானத்தை, அவசரமே இல்லாத அந்தத் தொனியை, அங்கிருந்து வந்ததாகவே நான் கேட்கிறேன்.

அவருக்குப் பாட்டு கற்பித்தது யார்?

குடும்பம்தான். அவருடைய தாத்தா குரலின் பிடியால் ஜெலி ஃபாமா, அதாவது மாபெரும் ஜெலி என்று பெயர் பெற்றவர். அத்தை சிராமோரி ஜாபாத்தே, மாலியின் மிகப் பெரிய பெண் பாடகிகளில் ஒருவர். பையனுக்கு ஏழு வயதானபோது தாத்தாவின் குரல் பேரனிடம் வந்திருப்பதைச் சிராமோரி உட்படப் பெரியவர்கள் கண்டுகொண்டார்கள். மாண்டே வழக்கில் ஏழு வயது முக்கியமான ஒரு திருப்பம். அன்றிலிருந்து அவர்கள் அவரைப் பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள்.

இந்தக் கல்விக்கு ஏடும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. பெயர்சூட்டு விழா, திருமணம், சாவு, பஞ்சாயத்து என்று பெரியவர்கள் போகும் இடங்களுக்கெல்லாம் கூடவே போக வேண்டும். காவியம் சொல்லப்படும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் 'நாமு' என்று மறுமொழி கொடுப்பார். ஆமோதிப்பு அது, சொல்பவரின் மூச்சுக்கும் தாளத்துக்கும் துணையும் அதுதான். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் வரிகள் மனத்தில் தங்குகின்றன.

ஆண்கள் பாடுவது வழக்கம்தானா?

மாண்டே மரபில் பாட்டு பெரும்பாலும் பெண்களின் பொறுப்பு. அவர்களை ஜெலிமுஸோ என்பார்கள். ஆண்கள் கருவி வாசிப்பார்கள், வரலாறு உரைப்பார்கள். மாண்டிங்கா மொழியில் பாட்டாகப் பாடும் மெட்டை தோங்கிலோ என்றும், சொற்கள் வேகமாக உருண்டுவரும் உரைப்பாங்கை சாதாரோ என்றும் பிரிப்பார்கள். ஆண் குரல் இரண்டாவதில்தான் அதிகம் சஞ்சரிக்கும். காஸே மாதி இரண்டிலும் வல்லவர். அத்தையின் இசைக்குழைவும் தாத்தாவின் சொல்லுறுதியும் ஒரே தொண்டையில் சேர்ந்திருந்தன.

ஜெலிகள் எவ்வளவு பழமையானவர்கள்? எழுத்துச் சான்று உண்டா?

உண்டு. 1352-53இல் மாலிப் பேரரசுக்குப் போன பயணி இப்னு பதூதா, மன்னர் சுலைமானின் அவையில் தூகா என்ற மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அடியில் சிறு சுரைக்குடுக்கைகள் பொருத்திய கருவி ஒன்றைத் தூகா வாசித்ததாகவும், மன்னரின் போர்களைப் போற்றிப் பாடியதாகவும் எழுதியிருக்கிறார். அது மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் பாலஃபோன் என்பதை இன்று பார்க்கும் எவரும் அடையாளம் காணலாம். பறவைச் சிறகு உடையும் சிவந்த அலகுள்ள மரத் தலையும் அணிந்த பாடகர்கள் மன்னர் முன் வந்ததையும் குறித்திருக்கிறார். அந்தக் கோலத்தை அவர் ரசிக்கவில்லை. ஆனாலும் முன்னோர் நல்லவை செய்ததுபோல் நீயும் செய் என்று அவர்கள் மன்னனுக்கே நினைவூட்டினார்கள் என்பதைப் பதிவு செய்துவிட்டார். ஜெலியின் வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

புகழ்ந்து பாடிப் பணம் வாங்குவது முகத்துதி ஆகாதா?

மாலிக்குள்ளேயே இந்தக் கேள்வி பலமுறை எழுந்திருக்கிறது. நகரத்துத் திருமணங்களில் பாடகியின் தலைமேல் பணத்தாள்கள் பொழிவதைப் பார்க்கிறவர்களுக்கு முகம் சுளிக்கத் தோன்றலாம். பணத்துக்காக யாரையும் பாடும் ஜெலிகள் இருக்கிறார்கள். மூத்த ஜெலிகளே அவர்களைக் கடிந்துகொள்கிறார்கள்.

ஆனால் மரபின் உள்ளே நின்று பார்த்தால் கணக்கு வேறு. புரவலரை ஜாதிகி என்பார்கள். ஜெலி அவருடைய முன்னோர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சபையில் உரக்கச் சொல்லும்போது, அந்தப் பெயர்களுக்குத் தகுதியாக நடந்துகொள்ளும் பாரம் கேட்பவர் தோளில் ஏறுகிறது. கொடை என்பது அந்தப் பாரத்தை ஏற்றுக்கொண்டதற்கான ஒப்புதல். கொடுக்காதவர் தன் முன்னோரை மறுத்தவர் போல் ஆகிவிடுவார். ஆகவே இரண்டு பக்கமும் கட்டுப்பாடு இருக்கிறது. ஜெலி சமாதானம் பேச வந்தால் அவர் சொல்லைத் தட்டுவது கடினம் என்பதும் இதனால்தான். இப்படி ஒரு சமூகப் பொறுப்பை யாசகம் என்று ஒதுக்குவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அரசாங்கம் அவருக்குப் புரவலரானது எப்படி?

மாலி 1960 செப்டம்பர் 22 அன்று விடுதலை பெற்றது. புதிய நாட்டுக்கு மேன்மையான ஒரு கடந்தகாலம் தேவைப்பட்டது. அது ஜெலிகளின் நாவில் இருந்தது. மண்டலந்தோறும் அரசு இசைக்குழுக்கள் அமைந்தன. கிட்டார், எக்காளம், டிரம்ஸ் எல்லாம் இருக்கும். பாட்டு மட்டும் அந்தந்த வட்டாரத்தின் மரபிலிருந்து வர வேண்டும். 1970இலிருந்து பமாக்கோவில் ஈராண்டுக்கு ஒருமுறை நடந்த தேசியக் கலைவிழாவில் இந்தக் குழுக்கள் போட்டியிட்டன.

1970இல் காஸே மாதி காங்காபாவின் சூப்பர் மாண்டே குழுவின் முதன்மைப் பாடகரானார். அந்தக் குழு தேசிய விழாவில் வென்றது. அங்கேதான் இன்னொரு குழுவின் கண் அவர்மேல் விழுந்தது. 1964இல் மாலி அரசு இளைஞர் சிலரை இசை கற்க ஹவானாவுக்கு அனுப்பியிருந்தது. சோஷலிச நட்பு நாடுகளாக இருந்த காலம் அது. அவர்கள் அங்கே லாஸ் மாராவில்லாஸ் தே மாலி என்ற பெயரில் குழு அமைத்து, வயலினும் புல்லாங்குழலுமாக அசல் கியூப இசையை வாசித்தார்கள். நாடு திரும்பியபின், மாலி மண்ணின் பாட்டையும் பாடுங்கள் என்று அரசு கேட்டபோது, அதற்கு ஏற்ற குரலாக அழைக்கப்பட்டவர் காஸே மாதி. 1976இல் குழுவின் பெயர் நாசியோனால் பாதேமா ஆனது. கியூபத் தாளத்தின்மேல் கேலாவின் குரல் நீண்டு இழைந்த அந்தப் பாட்டுகள் மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் ஒலித்தன.

அடிமைக் கப்பலில் கடல் கடந்த ஆப்பிரிக்கத் தாளம் கியூபாவில் உருமாறி, ஒரு ஜெலியின் குரலைத் தேடித் தாய்மண்ணுக்குத் திரும்பிவந்ததை நினைக்கும்போது இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பிறகு ஏன் பாரிஸுக்குப் போனார்?

1980களில் அரசுக் குழுக்களுக்கான பணம் வற்றிக்கொண்டே போனது. உள்ளூர்க் கேசட் சந்தையைத் திருட்டுப் பிரதிகள் தின்றன. ஆப்பிரிக்க இசையின் ஒலிப்பதிவுக் கூடங்கள் பாரிஸில் இருந்தன. பல மாலிக் கலைஞர்களைப் போல் அவரும் அந்தப் பத்தாண்டின் இறுதியில் பாதேமாவை விட்டு அங்கே போனார். செனகல் தயாரிப்பாளர் இப்ராஹிமா சில்லா 1989இல் அவருடைய முதல் தனித்தொகுப்பான ஃபோதேயை வெளியிட்டார். சிந்தசைசரும் எக்காளமும் நிறைந்த நடன இசை அது. மறு ஆண்டே கேலா டிராடிஷன் என்ற தொகுப்பில் மின்கருவிகளை விலக்கி ஊர்ப் பாட்டுகளைப் பாடினார். அவர் உள்ளம் எங்கே இருந்தது என்பதை இரண்டாவது தொகுப்பு சொல்லிவிடுகிறது. சுமார் பத்தாண்டுக்குப் பின் 1998இல் மாலிக்குத் திரும்பினார்.

பிற நாட்டு இசைஞர்களோடு பாடியதால் மரபு நீர்த்துப் போகவில்லையா?

நீர்த்துப் போனதாக எனக்குத் தோன்றவில்லை. 1994இல் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ குழுவான கேத்தாமாவோடும் கோரா என்ற தந்திக் கருவியின் மேதை தூமானி ஜாபாத்தேவோடும் சேர்ந்து சோங்காய் 2 தொகுப்பில் பாடினார். 1999இல் அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் தாஜ் மஹாலோடு குலஞ்சன். 2010இல் ஆஃப்ரோகியூபிஸம். இந்தக் கடைசி முயற்சிக்கு ஒரு பழைய கதை உண்டு. 1996இல் மாலிக் கலைஞர்களும் கியூபக் கலைஞர்களும் ஹவானாவில் சேர்ந்து பதிவு செய்வதாக இருந்தது. மாலிக்காரர்கள் போய்ச் சேர முடியவில்லை. கிடைத்த நேரத்தில் கியூபர்களை மட்டும் வைத்து உருவானதுதான் உலகப் புகழ்பெற்ற புவெனா விஸ்தா சோஷியல் கிளப் தொகுப்பு. விட்டுப்போன அந்தச் சந்திப்பு 14 ஆண்டுக்குப் பிறகு கைகூடியபோது, கியூபாவின் எலியாதெஸ் ஒச்சோவாவோடு பாடியது காஸே மாதியின் குரல். இளமையில் பாதேமாவில் செய்த வேலையின் தொடர்ச்சி என்பதால் அவருக்கு அது அந்நியமாக இருந்திருக்காது.

இந்தத் தொகுப்புகள் எதிலும் அவர் தம் பாணியை மாற்றிக்கொள்ளவில்லை. உச்சத்தில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, அடித்தளச் சுரத்தில் அமரும் கேலாவின் வரியமைப்பு அப்படியே இருக்கிறது. சுற்றியிருந்தவர்கள்தான் அவருக்கு இடம் விட்டார்கள்.

என்ன கருவிகள் அவருக்குத் துணையாக இருந்தன?

கேலாவின் மரபில் முதன்மையானது ங்கோனி. மரத்தைக் குடைந்து தோல் போர்த்திய சிறிய தந்திக் கருவி. பாலஃபோன் மரக்கட்டைகளை அடுக்கிச் சுரைக்குடுக்கை கட்டியது. கோரா 21 நரம்புகள் கொண்டது, பெரிய சுரைக்குடுக்கையின் பாதியில் மாட்டுத்தோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கிட்டாரும் பல பத்தாண்டுகளாக ஜெலிகளின் கருவிதான். ங்கோனியின் விரல் நடையை அதில் ஏற்றிவிட்டார்கள்.

அவருக்குப் பிறகு யார் பாடுகிறார்கள்?

மகள் ஹாவா காஸே மாதி ஜாபாத்தே. தந்தையின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வைத்திருக்கும் அவர், பாலஃபோனும் பாஸ் ங்கோனியும் மட்டும் துணையாகக் கொண்ட திரியோ தா காலி குழுவின் பாடகி. அமெரிக்காவின் குரோனோஸ் குவார்டெட்டோடு அந்தக் குழு 2017இல் லாதிலிகான் தொகுப்பை வெளியிட்டது. வயலின் குடும்பக் கருவிகளின் நால்வர் அணி சூழ நின்றும் அவர் குரல் சற்றும் அடங்கிப் போகவில்லை.

எந்தத் தொகுப்பிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலில் 2003இல் வெளிவந்த காஸி காஸே. கேலா கிராமத்திலேயே பதிவானது. ஊர்ப் பெண்களின் சேர்ந்திசையும் அதில் உண்டு. அவர் யாருக்காகப் பாடப் பிறந்தாரோ அந்தக் காதுகள் பக்கத்தில் இருக்கும்போது எப்படிப் பாடினார் என்பது தெரியும். அடுத்து, கடைசிக் காலத்தின் கிரிகே. பல்லாக்கே சிஸோக்கோவின் கோரா, லான்சினே குயாத்தேவின் பாலஃபோன், மாக்கான் துன்காராவின் ங்கோனி, தயாரிப்பாளர் வேன்சான் செகாலின் செல்லோ என்று கருவிகள் குறைவு. வயதேறிய குரல் கொஞ்சம் கரடுதட்டி, முன்பைவிட ஆழமாக இறங்கியிருக்கிறது. நடனமாடத் தோன்றினால் பாதேமா காலப் பாட்டுகளைத் தேடுங்கள். மொழி புரியவில்லையே என்று தயங்க வேண்டாம். ஓரிரு பாட்டுக்குள்ளேயே கெய்த்தா, திராவோரே, குயாத்தே என்று குலப்பெயர்கள் காதில் பிடிபடத் தொடங்கும். அந்தப் பெயர் ஒவ்வொன்றையும் அவர் எங்கே நிறுத்தி, எங்கே நீட்டுகிறார் என்று கவனித்துக் கேளுங்கள்.